இன்னாமரத்தக்காவிடம் மிஷின் வாங்கிய கதை

கடைக்கு வந்த ஆளைக் கேட்டதைக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியே கடையைப் பெரிதாக்கிய வியாபாரி, எனக்குத் தெரிந்து இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் கடை வைத்திருக்கிறார். போர்டில் ஏதோ ஒரு சாமி பெயரைப் போட்டு, கீழே 'விவசாயக் கருவிகள்' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் எதிர்க் கடைக்காரருக்கே தெரியாது. 'இன்னாமரத்தக்கா கடை' என்று கேட்டால் பஸ் நிலையத்தில் பூ கட்டுகிறவர் கூட, கட்டுகிற கையை நிறுத்தாமல் தாடையாலேயே திசையைக் காட்டிவிடுவார்.

பெயர்க் காரணம் எளிது. மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மண்வெட்டி, புல் வெட்டும் மிஷின் என்று எதைக் கேட்டாலும் அக்கா பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் மரம் அறுக்கும் மிஷின் பக்கம் விரலை நீட்டினால் போதும். குனிந்த தலையை நிமிர்த்தாமலே ஒரு கேள்வி வரும்.

"இன்னா மரம்?"

இதற்குப் பதில் தெரியாதவர் அன்றைக்கு மிஷின் வாங்க முடியாது. பதில் தெரிந்தவரும் பெரும்பாலும் வாங்க முடியாது.

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். குட்டையான, அகலமான உருவம். சேலைக்கு மேலே காக்கி முழுக்கைச் சட்டை. நம்மூர்க் கடைக்காரர்கள் காதில் பென்சில் செருகியிருப்பார்கள். அக்காவின் காதில் பல் தீட்டுகிற வட்ட அரம் செருகியிருக்கும். மிஷின் செயினின் பல்லைத்தான் சொல்கிறேன். பேசிக்கொண்டே அதை எடுத்து, மடியில் கிடக்கும் செயினில் ஒவ்வொரு பல்லாக ராவிக்கொண்டிருப்பார். எதிரில் நிற்கும் நமக்கு நம் பல்லெல்லாம் கூசும்.

ஒருமுறை வெள்ளை வேட்டி, வெள்ளைக் காரில் ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினார். "இருக்கறதிலேயே பெருசு எதும்மா? அத எடு," என்றார்.

"இன்னா மரம்ங்க?"

"எல்லா மரமுந்தான்."

"உங்க வூட்ல எத்தினி மரம் கீதுங்க?"

பெரிய மனிதர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் காரைப் பார்த்தார். கடைசியில் டிரைவர்தான் மெதுவாகச் சொன்னார்: "வாசல்ல ரெண்டு குரோட்டன்ஸ் இருக்குதுங்க."

அக்கா அவருக்குச் செடி வெட்டும் கத்திரி ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார். அவர் கோபமாகத்தான் போனார். கத்திரியை மட்டும் கையை விட்டு விடாமல் எடுத்துக்கொண்டு போனார்.

இன்னொரு நாள் கரியாலூரிலிருந்து ஒரு மலைக்காரர் பஸ்ஸில் வந்தார். அக்காவின் கேள்விகள் மலை ஏறியும் பரவியிருந்ததால், வம்பே வேண்டாம் என்று மரத்தின் ஒரு கிளையை இலையோடு வெட்டி, தோளில் வைத்து எடுத்து வந்துவிட்டார். கண்டக்டரோடு வழி முழுக்கச் சண்டை.

அக்கா இலையைத் தடவிப் பார்த்தார். "பலா. காய்க்குதா?"

"நல்லா காய்க்குதுங்க. அதான் தொல்லையே. பழத்துக்குக் கரடி வருது. மரத்த எடுத்துடலாம்னு."

"கரடி வந்தா பழத்த முன்னாடியே அறு. மரத்த ஏன்யா அறுக்கற?"

நீண்ட கழியில் கட்டுகிற கொக்கிக் கத்தி ஒன்றோடு அவரைத் திருப்பி அனுப்பினார். அடுத்த பருவத்தில் அதே ஆள், அதே பஸ்ஸில், ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார். அப்போதும் கண்டக்டரோடு சண்டை.

இந்த அக்காவிடம் நான் போய் மாட்டியது, வடக்கனந்தலில் வீடு வாங்கிய வருடத்தில்.

நான் கணக்கு வாத்தியார். வீட்டைச் சுற்றி இருபத்தைந்து சென்ட் இடம். அதில் ஒரு வேம்பு, ஒரு மா, இரண்டு பூவரசு, ஒரு கொய்யா. வாங்கும்போது நிழலாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட மரங்கள், ஒரு மழைக்குப் பிறகு நாலு பக்கமும் கையை நீட்டிவிட்டன. மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வரேன் சார்" என்பார். அந்த நாளைக்கு வரவே இல்லை. சரி, நாமே ஒரு மிஷின் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். என்ன மிஷின் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மூங்கில்துறைப்பட்டில் கரும்பு போடும் என் மச்சானிடம் இருபது அங்குல நீளத்துக்குச் செயின் ஓடும் அலகு வைத்த பெட்ரோல் மிஷின் ஒன்று இருந்தது. அவர் அதை ஸ்டார்ட் செய்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கும். அதைவிட ஒரு அங்குலமாவது பெரியதாக வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சியின் முடிவு.

"அந்தப் பெருசை எடுங்கக்கா," என்றேன்.

"இன்னா மரம்?"

வரிசையாகச் சொன்னேன்.

"அறுக்கப் போற கெள எவ்ளோ பருமன்?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அக்கா என் கைகளுக்கு நடுவில் இருந்த காற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது உங்க கை. நான் கேட்டது மரத்த. சரி, வருஷத்துல எத்தினி நாள் அறுப்பீங்க?"

"ரெண்டு நாள், மிஞ்சிப் போனா மூணு நாள்."

"அந்த மூணு நாளுக்கு ஏழு கிலோவ தூக்கிக்கினு நிப்பீங்களா? ஏழு கிலோ குழந்தைய தூக்கிக்கினு எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"என் பொண்ணு காலேஜ் போறாக்கா."

"அதான். பழக்கம் வுட்டுப் போச்சி."

அத்தோடு விடவில்லை. இடுப்பு வலி உண்டா என்றார். வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் மரத்துக்கும் எத்தனை அடி என்றார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, கறவை மாடு இருக்கிறதா என்றார். எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக்கொண்டார். ஒரு கட்டத்தில் நான் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். கடைசியில் ஒரு சணல் உருண்டையைக் கையில் கொடுத்து, "அறுக்கப் போற எடத்துல, ஒவ்வொரு கெளையையும் சுத்தி அளந்து முடிச்சி போட்டுக்கினு வாங்க," என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வேப்ப மரத்தைக் கட்டிப்பிடித்துச் சணலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர், பஸ் ஓட்டி ரிட்டையரானவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான்.

"டாக்டர் சொன்னாரா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

முடிச்சுப் போட்ட சணலோடு கடைக்குப் போனேன். அக்கா அதை ஸ்கேலில் வைத்து அளந்து, மூன்றால் வகுத்தார். கணக்கு வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா?

"அக்கா, சுற்றளவிலேர்ந்து குறுக்களவு எடுக்கணும்னா மூணால வகுக்கக் கூடாது. மூணு புள்ளி ஒண்ணு நாலு."

"அந்தப் புள்ளி ஒண்ணு நாலு பட்டையில போய்டும் வாத்தியாரே," என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

இருபது வருடம் நடத்திய பாடம். பட்டையோடு போய்விட்டது.

"இருக்கறதுலயே பெரிய கெள பத்து அங்குலம்," என்றார். "அலகு அதவிட ரெண்டு அங்குலம் நீளமா இருந்தா போதும். பன்னெண்டு. உங்க மனசுக்கு வேணும்னா பதினாலு. மரமெல்லாம் வூட்டு ஓரமாவே கீது. கரண்ட்ல ஓடறது எடுத்துக்குங்க. பெட்ரோல் ஊத்தி ஆயில் கலக்க வேணாம், கயித்த இழுத்து இழுத்துத் தோள்பட்டைய கழட்டிக்க வேணாம். ஒயரு மட்டும் தடிமனா வாங்கணும்." சொல்லிவிட்டு மூலையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

என் மனைவி தனத்தின் மிக்சி அதைவிடக் கம்பீரமாக இருக்கும்.

மச்சான் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். "யோசிச்சிட்டு வரேங்கக்கா," என்று நழுவினேன்.

"யோசிங்க. வேற எங்கனா பெருசா வாங்கினாலும் பரவால்ல. அறுக்கும்போது பேண்ட் போட்டுக்குங்க. லுங்கி வேணாம்."

"ஆமா சார், லுங்கி வேணாம்," என்று ஒத்து ஊதினார் ஏழுமலை. கடையில் அக்காவுக்கு உதவியாக இருப்பவர், அக்கா வயதுதான் இருக்கும். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். அவர் கட்டியிருந்ததே லுங்கிதான்.

நேராக மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். மச்சானுக்கு அன்று கரும்பு வெட்டு. "மிஷின எடுத்துக்கினு போங்க மாப்ள. வாழத்தண்டு மாதிரி அறுக்கும்," என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேண்ட் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு தோட்டத்தில் இறங்கினேன். "அந்தக்கா சொன்னதையே வாங்கியிருக்கலாம்," என்றாள் தனம். நான் காதில் வாங்கவில்லை. பதினோராவது இழுப்பில் மிஷின் உயிர் பெற்றது. சுவருக்கு மேலே டிரைவரின் தலை உதித்தது.

முதலில் கொய்யா. ஒரு கிளையை அறுக்கும்போது அலகின் நுனி பக்கத்தில் இருந்த முண்டில் பட்டது. அவ்வளவுதான் தெரியும். மிஷின் யாரோ எட்டி உதைத்தது போல என் முகத்தை நோக்கி எகிறியது. கண்ணை மூடித் திறந்தால், தோளில் பாதித் துண்டு இல்லை. கையை மேலே கொண்டு போய்க் காது இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இரண்டாவது காதையும் பார்த்துக்கொண்டேன்.

அறிவுள்ளவன் அத்தோடு மிஷினைக் கீழே வைத்திருப்பான். ஆனால் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தாரே! எதுவும் நடக்காத மாதிரி நடந்து வேப்ப மரத்துக்குப் போனேன்.

அந்த வேம்பில் ஒரு பெரிய கிளை என் நெஞ்சு உயரத்தில் பிரிந்து, சாய்வாக மேலேறி, சுவரைத் தாண்டி, டிரைவர் வீட்டு மாட்டுக் கொட்டகை ஓட்டுக்கு மேலே படர்ந்திருந்தது. மழைக்கு முன்னால் வெட்டியே ஆக வேண்டிய கிளை. அடிப்பக்கம்தான் எனக்குத் தோதாக இருந்தது. அலகைக் கீழே கொடுத்து மேல்நோக்கி அறுத்தேன். மச்சான் சொன்னது நிஜம், வாழைத்தண்டு மாதிரிதான் போனது. பாதி வரைக்கும் போனது. அப்புறம் மொத்தக் கிளையும் அலகின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

மிஷின் நின்றுவிட்டது. இழுத்தேன். தள்ளினேன். ஆட்டினேன். நான் ஆட்டியதற்குப் பதிலாகக் கிளைக்குள்ளிருந்து 'மடக்' என்று ஒரு சத்தம் வந்தது. கிளை அரை அடி கீழே இறங்கி நின்றது.

டிரைவரின் முகம் மாறிவிட்டது. "சார், உள்ள மாடு கீது சார். கன்னு போட்டு மூணு நாளுதான் ஆவுது."

கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று வேறு கிளம்பியது. ஒவ்வொரு காற்றுக்கும் கிளை முனகியது. மச்சானைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. தனம்தான் என் சட்டைப் பையிலிருந்து அக்கா அளவு எழுதிக் கொடுத்திருந்த கடைச் சீட்டை எடுத்து, அதிலிருந்த அக்கா வீட்டு எண்ணுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

நடந்ததைச் சொன்னேன்.

"கீழேர்ந்து அறுத்தீங்களா, மேலேர்ந்தா?"

"கீழேர்ந்துக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"யாரும் அடியில நிக்காதீங்க. மிஷின தொடாதீங்க, இருக்கற மாதிரியே இருக்கட்டும். மாட்டையும் கன்னையும் அவுத்துத் தெருப் பக்கம் கட்டச் சொல்லுங்க. வந்துக்கினே கீறேன்."

முக்கால் மணி நேரத்தில் மொபெட் வந்தது. ஓட்டியது அக்கா. பின்னால் ஏழுமலை, தோளில் கயிற்றுக் கட்டு, மடியில் அந்த மிக்சி மாதிரி மிஷின், கையில் ஒரு நீள மூங்கில். நாலு ஊர்த் தெருநாயும் அந்த மூங்கிலைப் பார்த்து வழிவிட்டிருக்கும்.

மாடு இன்னும் கொட்டகையிலேயே இருந்தது. "பச்ச ஒடம்பு. வெளிய கட்டினா காத்து படும்," என்று டிரைவர் அடம் பிடித்தார்.

"காத்து பட்டா தும்மும். கெள பட்டா இன்னா பண்ணும்?" என்று அக்கா கேட்டார்.

மாடு வெளியே வந்தது.

அக்கா மரத்தைத் தொடாமல் அண்ணாந்து பார்த்தபடி மூன்று தடவை சுற்றி வந்தார். தனம் அனிச்சையாகக் கை கூப்பிவிட்டாள். சுற்றி முடித்து, கவட்டை எது, காற்று எந்தப் பக்கம், விழுந்தால் எங்கே விழும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அப்புறம் வேலை ஆரம்பித்தது.

பெரிய கிளையை அவர் தொடவே இல்லை. நுனியிலிருந்து வந்தார். மூங்கில் முனையில் கட்டியிருந்த வளைந்த ரம்பத்தால், தரையில் நின்றபடியே, சின்னக் கொம்புகளை ஒவ்வொன்றாக அறுத்தார். கொஞ்சம் பெரிய கொம்பாக இருந்தால், ஏழுமலை முதலில் அதில் கயிற்றைக் கட்டி, மேல் கவட்டை வழியாகப் போட்டுப் பிடித்துக்கொள்வார். கொம்பு அறுந்ததும் கிணற்று வாளி மாதிரி ஆடாமல் இறங்கும். "ஏணி போட்டு மிஷினாலயே அறுத்துடலாமேக்கா," என்று அவசரப்பட்டேன்.

"ஏணி மேல மிஷின் ஏறாது. தோளுக்கு மேலயும் மிஷின் ஏறாது. எழுதி வெச்சிக்குங்க."

ஒன்றரை மணி நேரத்தில் அந்த ராட்சசக் கிளை மொட்டைக் கழியாகிவிட்டது. அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, மேல் கவட்டையில் போட்டு, மறுமுனையை ஏழுமலை, டிரைவர், தனம், நான் நாலு பேரும் பிடித்துக்கொண்டோம். அக்கா தலையில் ஹெல்மெட், கண்ணில் கண்ணாடி, கையில் உறை. சுவர் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, சின்ன மிஷினை என் வெட்டுக்கு ஒரு சாண் தள்ளி, கிளையின் மேல்பக்கம் வைத்தார். எறும்பு ஊர்வது போல உள்ளே போனது.

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது.

மழைக்கு முன்னால் வருமே, புழுதியை வாரிக்கொண்டு, அது. கிளை துள்ளியது. கயிறு என் உள்ளங்கையில் நெருப்பு மாதிரி ஓடியது. கிளைக்குப் பக்கத்தில் அக்கா. விட்டுவிடுவேன் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"வாத்தியாரே! வுடாத!"

அதுவரை என்னிடம் 'ங்க' இல்லாமல் அக்கா எதையும் செய்யச் சொன்னதே கிடையாது. அந்த ஒரு 'வுடாத'வில் என் கை இறுகிவிட்டது. எனக்குப் பின்னால் தனம் இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி மல்லாந்து சாய்ந்தாள். அக்கா நகரவில்லை. மிஷினை நிறுத்தி, காற்று கடக்கும் வரை காத்திருந்து, மறுபடியும் ஓட்டி, மிச்சத்தை அறுத்து முடித்தார். கிளை கயிற்றில் தொங்கி, அரை வட்டம் சுற்றி, எங்கள் பக்கத் தோட்டத்தில் வந்து படுத்தது.

சேதம், கொட்டகையில் இரண்டு ஓடு. என் உள்ளங்கைத் தோல். மச்சானின் மிஷின் அலகு கொஞ்சம் வளைந்திருந்தது. மாட்டுக்குத் தும்மல் கூட வரவில்லை.

உடனே மழை கொட்டியது. எல்லோரும் வராண்டாவில் ஒதுங்கினோம். தனம் டீ போட்டுக் கொண்டு வந்தாள். அக்காவிடம் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்கக்கா, ஒரு மிஷின் விக்கறதுக்கு இவ்ளோ கேள்வி கேக்கறீங்களே. வர்றவங்க வேற கடைக்குப் போய்ட மாட்டாங்களா?"

அக்கா காதிலிருந்த அரத்தை எடுத்து, செயினை மடியில் போட்டு, ராவ ஆரம்பித்தார். பதில் சொன்னது ஏழுமலை. லுங்கியை ஒரு பக்கம் ஒதுக்கிக் காட்டினார். முட்டிக்கு மேலே தொடையில், ஒரு சாண் நீளத்துக்கு, உழுத சால் மாதிரி ஒரு தழும்பு.

"அந்தக் கடையில மொத மொத மிஷின் வாங்கினவன் நாந்தாம்மா. ஒரு கேள்வியும் கேக்காம அக்கா வித்தது எனக்கு மட்டுந்தான்."

"இன்னா மரம் அறுத்தீங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

"முருங்க சார்," என்று சிரித்தார் ஏழுமலை. "மூணு முருங்க மரம். கையாலேயே ஒடிச்சிடலாம். வாங்கறதே வாங்கறோம், பெருசா இருக்கட்டுமேன்னு நான் கேட்டேன். புதுசா கடை வெச்சவங்க, மொத வியாபாரம். எடுத்துக் குடுத்தாங்க."

அக்காவின் அரம் நின்றது.

"கேட்டிருக்கணும்," என்றார். "ரெண்டே வார்த்த. கேட்டிருந்தா இந்தாளு இன்னிக்கு ஒழுங்கா நடந்துக்கினு இருப்பான்."

"ஒழுங்கா நடந்துக்கினு இருந்தா கரும்பு வெட்டப் போய்க்கினு இருப்பேன்," என்றார் ஏழுமலை. "உக்காந்த வேல கெடச்சிதா இல்லியா? வுடுக்கா." டீயை ஊதிக் குடித்தார்.

ஏழுமலை ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு மாதமும் கடையைப் பூட்டிவிட்டு அக்காதான் கூட இருந்தார் என்பதும், அவருடைய மூன்று பிள்ளைகளும் அக்கா கட்டிய பீஸில் படித்தவர்கள் என்பதும், மழை விட்ட பிறகு டிரைவர் ஊரெல்லாம் விசாரித்து வந்து எனக்குச் சொன்னவை.

மறுநாள், கையில் கட்டோடு கடைக்குப் போய், "அந்தச் சின்னதையே குடுங்கக்கா," என்றேன். தனமும் கூட வந்திருந்தாள்.

உடனே கொடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கடைக்குப் பின்னால் ஒரு அடிமரத்தைப் போட்டு வைத்திருந்தார். அதில் அரை நாள் வகுப்பு. கால் எப்படி அகட்டி நிற்பது, நுனி ஏன் எதிலும் படக்கூடாது, கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் அந்தத் தடுப்பைத் தட்டினால் செயின் எப்படி நிற்கும், தொங்குகிற கிளையில் முதலில் அடியில் ஒரு சின்னக் கீறல் கொடுத்துவிட்டு ஏன் மேலிருந்து அறுக்க வேண்டும். முதலில் நான் செய்தேன். அக்கா பார்த்தார். அப்புறம் தனத்திடம், "நீ பிடிம்மா," என்றார்.

தனம் பிடித்தாள். இரண்டு கையாலும், அவசரமில்லாமல், மிஷின் தன் எடையிலேயே இறங்கும்படி விட்டு, ஒரு வட்டத் துண்டை அறுத்து எடுத்தாள். தோசை மாதிரி வந்தது.

அக்கா அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையை எடுத்து, என் பெயரை அடித்துவிட்டு, மேலே 'தனம்' என்று எழுதினார்.

"வாத்தியாரே, தப்பா நெனச்சிக்காதீங்க. மிஷின் உங்களுக்கு இல்ல. இந்தம்மாவுக்குத்தான்."

"அப்ப எனக்கு?"

"கெளைய இழுத்துப் போடறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் மரம் அறுப்பவர் தனம். இழுத்துப் போடுபவன் நான். மச்சான் ஒருமுறை வந்து, தங்கச்சி பூவரசங்கிளையை அறுத்து இறக்குவதை வாயைத் திறந்தபடி பார்த்துவிட்டு, ஊருக்குப் போகிற வழியில் கள்ளக்குறிச்சியில் இறங்கினார். கையில் சணல் உருண்டையோடு வீடு போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி.

விற்றதோடு விடுகிற ஆளும் இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டில் கிளம்பி, தான் மிஷின் விற்ற வீடுகளுக்குச் சொல்லாமல் போய் இறங்குவார். எங்கள் தெருவுக்கு வந்தால் டிரைவர் முதலில் மாட்டை வெளியே கட்டிவிடுவார், ஒரு மரியாதைக்கு. அக்கா மிஷினைப் பார்ப்பார், ஒயரைத் தடவிப் பார்ப்பார், அப்புறம் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வெட்டிய இடம் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். தனத்தின் தோளில் ஒரு தட்டு. எனக்கு ஒன்றும் கிடையாது.

நான் ரிட்டையராகி இப்போது விழுப்புரத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். வடக்கனந்தல் வீட்டை டிரைவரின் மகனுக்கே விட்டுவிட்டோம். இங்கே எங்களுக்கு என்று இருப்பது ஒரு துளசித் தொட்டி. மிஷின் பரண் மேல் இருக்கிறது.

அக்காவால் இப்போதெல்லாம் மொபெட்டில் வடக்கனந்தல் வரை போக முடிவதில்லை, முழங்கால் தகராறு. அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒவ்வொரு வருடமும் போன் வரும். எடுத்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"வாத்தியாரே, தனம் செயின கழட்டி எண்ண போட்டுதா?"

"போட்டுட்டாக்கா."

நிஜமாகவே போட்டிருப்பாள். போன் வருகிற வாரத்துக்கு முன்பே பரணிலிருந்து இறக்கி, பால்கனியில் செய்தித்தாளை விரித்து, செயினைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, நான் ஒயரைச் சுற்றிக் கொடுக்க, மறுபடி மேலே ஏற்றிவிடுவோம்.

"வேப்ப மரம் எப்பிடி கீது?"

"நல்லா இருக்குதுக்கா."

அதுவும் நிஜம்தான். போன வாரம் கூட டிரைவரிடம் கேட்டேன்.

மரமில்லாத வீட்டில் மிஷின் எதற்கு, தேவைப்படுகிற யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதானே என்று மகள் கேட்கிறாள். நியாயம்தான். அக்காவிடம் சொன்னால் அக்காவே ஒரு நல்ல ஆளாகப் பார்த்து, கேள்வியெல்லாம் கேட்டு, கைமாற்றி விட்டுவிடுவார். அதற்கப்புறம் போன் வராது. அதனால்தான் வீடு மாறியதை நாங்கள் இரண்டு பேரும் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.